கிணற்று மேட்டில் டேங்க் கழுவலாமா?

கேள்வி: எங்கள் கத்தரித் தோட்டத்திலிருந்து கிணறு அறுபது அடி தள்ளித்தான் இருக்கிறது. இலைமேல் அடிக்கிற மருந்து அதற்குள் எப்படிப் போகும்? அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். காய்ச்சினால் போதுமா?
- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: போதாது. காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து போகும் என்று நம்ப முடியாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவும் கூடும்.

அறுபது அடியைக் கடக்க ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வழி உண்டு. குளோர்பைரிபாஸ் என்கிற பூச்சிமருந்து ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1 மில்லிகிராம்தான் கரையும். மண்ணோடு ஒட்டிக்கொண்டு, ஐப்பசி மழையில் மண் அரித்து ஓடும்போது கூடவே வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போய்விடும். இமிடாகுளோபிரிட் என்கிற இன்னொரு பூச்சிமருந்து லிட்டருக்குச் சுமார் 600 மில்லிகிராம் கரையும்; மண்ணில் மாதக்கணக்கில் சிதையாமல் கிடக்கவும் கூடும். பாசனத் தண்ணீரோடு மெல்ல இறங்கி நிலத்தடி நீரைத் தொடுவது இந்த வகைதான். மக்கிய இலைதழை குறைந்த செம்மண்ணில் அதைப் பிடித்து நிறுத்த அதிகம் ஒன்றும் இல்லை.

சரி, ஸ்பிரேயர் டேங்கை எங்கே கழுவுகிறீர்கள்? எனக்கு அதுதான் பெரிய கவலை. எங்கள் அப்பா கிணற்று மேட்டிலேயே மருந்து கலக்கி, அங்கேயே கழுவி ஊற்றுவார். அந்த நுரை கல் இடுக்கில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் குடம் நிரப்பியிருக்கிறேன். வேளாண்மை படித்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துபோனேன். குடிநீரில் எந்தப் பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அப்படியானால் ஒரு கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவர ஒரு கிராம் மருந்து போதும். இருபது அடி அகலக் கிணற்றில் முப்பது அடி தண்ணீர் நின்றாலும் மூன்று லட்சம் லிட்டர்கூட வராது. கடையில் விற்கிற இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். (17.8 சதவீத திரவ மருந்து) பாட்டிலில் அந்த ஒரு கிராம் வெறும் 5 மில்லியில் இருக்கிறது. வரம்பைத் தாண்டிய உடனே உயிருக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் தினமும் குடிக்கிற தண்ணீர் இது.

அதனால் தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய்த் தோட்டத்தில் வைத்துக் கலக்குங்கள். காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி டேங்கிலேயே ஊற்றுங்கள். டேங்க் அலசிய தண்ணீரையும் அதே செடிகளுக்கு அடித்துவிடுங்கள். மேகம் கட்டியிருந்தால் அன்று மருந்து வேண்டாம்.

குடிக்க, இப்போதைக்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை எடுங்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது, ஆறு மாதமாக அடித்த மருந்துகளின் பெயர்களை எழுதிக் கொடுத்து, அவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உப்பு, கடினத்தன்மை பார்க்கிற சாதாரணச் சோதனையில் இவை தெரியாது.