வாசகர் கேள்விகள்: எம்-புக்கைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: 2025 மகளிர் உலகக் கோப்பையில் உங்கள் மனதில் நிற்கும் ஆட்டம் எது? இறுதிப் போட்டிதானே?

பதில்: இல்லை, அரையிறுதி. ஆஸ்திரேலியா 338 அடித்ததுமே பலர் ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போயிருப்பார்கள். அதே தொடரில் ஒரு ஆட்டத்துக்கு உட்கார வைக்கப்பட்ட ஜெமிமா ரோட்ரிக்ஸ், மூன்றாவதாக இறங்க வேண்டும் என்பதே சில நிமிடங்களுக்கு முன்புதான் தெரிந்து உள்ளே போய், 127 ரன் அடித்து, கடைசிவரை அவுட் ஆகாமல் நின்று ஜெயித்துக் கொடுத்தார். அப்போது இன்னும் 9 பந்து மிச்சம். மகளிர் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய இலக்கைத் தொட்டதில்லை. ஜெமிமா 82 ரன்னில் இருந்தபோது ஆஸ்திரேலியக் கேப்டன் ஹீலி கேட்சை விட்டார், உண்மைதான். அதை மட்டும் பிடித்துக்கொண்டு அதிர்ஷ்டம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: எங்கள் தெருவில் போட்ட ரோடு ஒரு மழையிலேயே பெயர்ந்துவிட்டது. கவுன்சிலர் காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்கிறார், காண்ட்ராக்டர் இன்ஜினீயரைக் கேளுங்கள் என்கிறார். நாங்கள் யாரைத்தான் கேட்பது?

பதில்: ஆட்களைக் கேட்பதை விடுங்கள், காகிதத்தைக் கேளுங்கள். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ரோடு போட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை என்று தட்டிவிடுவார்கள். எஸ்டிமேட் நகல், ஒப்பந்த நகல், பணம் கொடுத்த பில், எல்லாவற்றையும்விட முக்கியமாக எம்-புக் நகல், இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எம்-புக் என்பது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், என்ன அகலம், ஜல்லி எவ்வளவு கனம், மேலே தார் எவ்வளவு கனம் என்று அளந்து எழுதி, அளந்தவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதை வைத்துத்தான் பில் பாஸாகும். அந்த நகலோடு ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு பேராக நின்று பாருங்கள், பெயர்ந்த இடத்தில் கனம் எவ்வளவு என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. ஒப்பந்தத்தில் பழுதுக்குக் காண்ட்ராக்டர் எவ்வளவு காலம் பொறுப்பு என்றும் பாருங்கள். அந்தக் காலம் முடியவில்லையென்றால் அவர் செலவிலேயே சரி செய்ய வேண்டும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. இந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆணையங்கள் தயங்குவதுதான் என் வருத்தம். ஒழுங்காக அபராதம் விழுந்தால் பாதி மனுக்களுக்கு முதல் மாதத்திலேயே பதில் வந்துவிடும்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் மாதம் 10 சதவீதம் தருகிறேன் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். வருடத்துக்கு 120 சதவீதம் வருகிற தொழில் கையில் இருந்தால், அவர் வங்கியில் கடன் வாங்கிப் போட்டு மொத்த லாபத்தையும் தானே வைத்துக்கொள்வார். உங்களைத் தேடி வரவே மாட்டார்.

கேள்வி: ஓய்வுபெற்றபோது வந்த 10 லட்சத்தை ஒரே வங்கியில் இரண்டு கிளைகளில் பிரித்து டெபாசிட் செய்திருக்கிறேன். பாதுகாப்புதானே?

பதில்: கிளை கிளையாகப் பிரிப்பதில் பிரயோஜனம் இல்லை சார். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான், எத்தனை கிளையில் போட்டாலும் ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். வட்டியும் அந்த 5 லட்சத்துக்குள்தான் அடக்கம். 2020-க்கு முன்னால் இது வெறும் 1 லட்சமாக இருந்தது. அதனால் வேறு வேறு வங்கிகளில் பிரியுங்கள், வட்டி சேர்ந்தாலும் 5 லட்சத்தைத் தாண்டாத அளவுக்குப் போடுங்கள். கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குக் கிடையாது, அங்கே பெரிய தொகை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

கேள்வி: பட்டா மாற்றத்துக்குப் பணம் கேட்கிறார்கள். கொடுத்து வேலையை முடித்துவிட்டு அப்புறம் புகார் செய்யலாமா?

பதில்: கொடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்பிக்க முடியும். முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி கொடுத்தால் உங்கள் மேல் குற்றமே இல்லை. நோட்டில் ஃபினாப்தலின் பவுடர் தடவிக் கொடுத்து அனுப்புவார்கள், வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். பயமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேஜையில் உங்களுக்கு முன்னால் பணம் கொடுத்தவர்களையும் பின்னால் வரப்போகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: ரோட்டுக்குக் கணக்குக் கேட்கலாம் என்கிறீர்கள். கிரிக்கெட் வாரியத்தைக் கேட்க முடியுமா?

பதில்: இப்போதைக்குக் கஷ்டம். தகவல் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2018-ல் மத்தியத் தகவல் ஆணையம் சொன்னது, வாரியம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் அரசு நிதி வாங்கும் அமைப்புகளை மட்டும்தான் தகவல் சட்டத்துக்குள் கொண்டுவருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வாரியம் செய்வது பொதுப்பணி என்று 2015-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாட்டின் பெயரில் யார் ஆடுவது என்று முடிவு செய்யும் அமைப்பு, அரசிடம் ஒரு ரூபாய்கூட வாங்காவிட்டாலும் நம் கேள்விக்கு எழுத்தில் பதில் தரத்தான் வேண்டும்.