வாசகர் கேள்வி – பதில்: தூரதேசத்தில் ஒரு கிழமை

கேள்வி: ரொறன்ரோவில் வசித்த எனது பெரியப்பாவும் பெரியம்மாவும் ஓய்வுபெற்ற பின்னர், தாங்கள் சேர்ந்துள்ள பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சார்பில் 18 மாத ஊழியத்துக்காகக் கானா நாட்டின் தலைநகரான அக்ராவுக்குச் சென்றிருக்கின்றனர். ஞாயிறு ஆராதனை போக மற்ற ஆறு நாளும் அவர்களுக்கு என்ன வேலை? "கைக்காசைச் செலவழித்து ஊர் சுற்றுகிறார்கள்" என்று அண்ணா பகிடி பண்ணுகிறார். (வாசகி ஒருவர், கோப்பாய்)

பதில்: அண்ணாவின் பகிடியில் பாதி உண்மை, கைக்காசுதான். மோர்மன் சபை என்று பலரும் அழைக்கும் அச்சபையில் ஊழியத்துக்குச் செல்லும் முதிய தம்பதியருக்குச் சம்பளம் கிடையாது; சாப்பாடும் வீட்டு வாடகையும் தமது ஓய்வூதியத்திலிருந்தும் சேமிப்பிலிருந்துமே போகின்றன. ஊர் சுற்றும் கதைதான் பொருந்தாது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டி குத்தி, சோடி சோடியாகத் தெருவில் நடந்துபோகும் இளம் ஊழியர்களின் படங்களை அண்ணா பார்த்திருக்கலாம். அந்த ஓட்டத்தை முதியவர்களிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

முதியவர்களில் பலருடைய வேலை, அந்த இளையவர்கள் தடையின்றி நடமாட வேண்டிய ஒழுங்குகளைச் செய்வதாகும். விசாக் கடதாசிகளைப் புதுப்பிப்பது, வாடகை வீடு பார்த்து ஒப்பந்தம் எழுதுவது, மின்சாரக் கட்டணம் கட்டுவது, மெத்தை கிழிந்துவிட்டதென்றால் புதிது வாங்கிக் கொடுப்பது என்று கந்தோர் வேலையிலேயே கிழமையின் பெரும்பகுதி கழிந்துவிடும். இளையவர்கள் தங்கியிருக்கும் வீடுகளுக்குப் போய்க் குசினியையும் குளியலறையையும் பார்த்துவருவதும் இவர்கள் பொறுப்பில் வருவதுண்டு. இருபது வயதுப் பெடியன்கள் சட்டி கழுவாமல் அடுக்கி வைத்திருப்பதைக் கண்டு உங்கள் பெரியம்மா வாய் மூடிக்கொண்டு திரும்பிவருவார் என்று நான் நினைக்கவில்லை. வேறு சில தம்பதியர் நிவாரணப் பணியிலும், வம்ச வரலாற்றுப் பதிவேடுகளைச் சேகரிப்பதிலும், சிறிய சபைகளுக்குத் துணையாக நிற்பதிலும் ஈடுபடுகின்றனர். அக்ராவில் 2004 ஆம் ஆண்டு பிரதிட்டை செய்யப்பட்ட அச்சபையின் ஆலயமும் இருக்கிறது. வழிபாட்டுக் கூடங்கள் வேறு, ஆலயம் வேறு. ஆலயம் ஞாயிறன்று மூடியிருக்கும். ஞாயிறு ஆராதனை 2019 முதல் மூன்று மணித்தியாலத்திலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டுவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறில் பொதுவாக இரண்டு வேளை உண்ணாதிருந்து, அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்கெனக் கொடுப்பார்கள். நமது விரதக்காரருக்கு அது பெரிய காரியமாகத் தோன்றாது.

ஆனால் அட்டவணையில் எழுதியிருப்பது மட்டுமா ஒரு கிழமை? சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு சபையைச் சேர்ந்த வயதான வெளிநாட்டுத் தம்பதியர் எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தனர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஓய்வு கிடைப்பதால் அந்த அம்மையார் கேக் செய்து, இன்னமும் சூடு ஆறாத தட்டைத் துணியால் மூடி, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வீட்டு அக்கா இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார். பின்னர் அதனைக் குசினிக்குள்ளும் எடுக்காமல் விறாந்தை மேசையிலேயே மூடி வைத்து, மறுநாள் தம்பியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். முட்டை சேர்ந்த பண்டம் வெள்ளியன்று அந்த வீட்டுக்குள் போகாது என்பது, அக்காவின் சின்ன மகள் ஒருநாள் வாய்தவறிச் சொல்லும் வரை, ஏறக்குறைய நான்கு மாதம் அந்த அம்மையாருக்குத் தெரியாது. அதன்பிறகு வெள்ளியில் கதலிப்பழச் சீப்பும் சனியில் கேக்கும் வந்தன. அவர்கள் கொண்டுவந்த கிழமை ஒன்று. எங்கள் ஒழுங்கை அவர்களுக்குக் கொடுத்த கிழமை வேறொன்று. உங்கள் பெரியவர்களுக்கும் அக்ராவின் சந்தையும் அயலும் இந்நேரம் ஒரு கிழமையைக் கொடுத்திருக்கும். அதைத்தான் அவர்களிடம் கேட்டு அறிய வேண்டும்.

கேள்வி: நமது மண்ணுக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரும் இவ்வாறு குறித்த காலத்துக்குத்தான் வந்தார்களா? மனைவிமாரும் மிஷனரிமாராகக் கருதப்பட்டார்களா? (வாசகர் ஒருவர், சுன்னாகம்)

பதில்: இல்லை; அவர்களுள் பலர் இங்கேயே முதியவர்களானவர்கள். லெவி ஸ்போல்டிங்கும் மனைவி மேரியும் 1819 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொஸ்டனில் கப்பலேறி, 1820 இன் தொடக்கத்தில் இலங்கையை அடைந்தனர். உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையை 1824 இல் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833 இல் காலமானதும், அந்தப் பொறுப்பு ஸ்போல்டிங் தம்பதியரிடம் வந்தது. லெவி 1873 இலும் மேரி அதற்கு அடுத்த ஆண்டிலும் இந்த மண்ணிலேயே மறைந்தனர். அரை நூற்றாண்டுக் கணக்கில் கிழமைகள்!

அவர்களுடைய ஞாயிறு இன்றைய இரண்டு மணித்தியாலத்தில் அடங்கியதன்று. கிராமப் பாடசாலைப் பிள்ளைகளை வாத்தியார்மார் வரிசையாக அழைத்துவர, ஆலயம் நிறைந்துவிடும். மாதத்தின் முதல் திங்களன்று, தாயகத்துச் சபைகள் செபிக்கும் அதே நாளில் இவர்களும் கூடிச் செபிப்பது வழக்கம். கடிதம் பாய்க்கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்த காலத்தில், கடல்களுக்கு இருபுறமும் ஒரே நாளில் நிகழ்ந்ததென்று அவர்கள் நிச்சயமாகச் சொல்லக்கூடியது அந்த ஒன்றாகவே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மனைவிமாரை அமெரிக்க மிஷன் சங்கம் 'துணை மிஷனரி' என்றே பட்டியலிட்டது. உடுவிலின் கதையை அறிந்த எவருக்கும் அந்தத் 'துணை' என்ற சொல் சற்று உறுத்தும். இன்று அக்ராவிலிருக்கும் கோப்பாய் வாசகியின் பெரியம்மாவுக்கோ கணவருக்குள்ள அதே பெயர்ப்பட்டியும் அதே பொறுப்பும் உண்டு.

கேள்வி: (மீண்டும் கோப்பாய் வாசகி) அவர்களுடன் எந்நேரம் கதைக்கலாம்? ஊரிலிருந்து என்ன அனுப்பலாம்?

பதில்: இளம் ஊழியர்கள் 2019 பெப்ரவரி வரை ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டுமே வீட்டாருடன் தொலைபேசியில் கதைக்கலாம் என்றிருந்தது, இப்போது கிழமைக்கு ஒருமுறை கதைக்கலாம். முதிய தம்பதியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அக்ரா நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. திங்கள் மாலையைக் குடும்பத்துக்கென ஒதுக்குவது அச்சபையாரின் வழக்கம் என்றாலும், அங்கே மாலை ஏழு மணியாகும்போது இங்கே நள்ளிரவு தாண்டி அரைமணியாகிவிடும். ஆகவே நமது பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தால், அவர்கள் காலை ஆறரை மணிக்குக் கந்தோருக்குப் புறப்படுமுன் பிடித்துவிடலாம். மரவள்ளிக்கிழங்கும் மீனும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். கிடைக்காதது நமது சரக்குத்தூள். வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு கிலோவும் ஒடியல் மா கொஞ்சமும் அனுப்புங்கள். நல்ல தேயிலைப் பெட்டி ஒன்றையும் வைப்போம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அச்சபையார் தேநீரும் கோப்பியும் அருந்துவதில்லை.