பாலிங் 1955: சின் பெங்கும் முறிந்த பேச்சுவார்த்தையும்

கேள்வி: பாலிங் பேச்சுவார்த்தை சின் பெங்கின் பிடிவாதத்தால் முறிந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். அது சரிதானா ஐயா?

பதில்: பாதி சரி. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில், மலாயாவின் (இன்றைய தீபகற்ப மலேசியா) கெடா மாநிலத்துப் பாலிங் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரு தரப்பும் சந்தித்தன. ஒரு பக்கம் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கத்தின் டான் செங் லோக். எதிரே, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் காட்டில் ஆயுதப் போர் நடத்திவந்த மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளர் சின் பெங், சென் தியன், ரஷீத் மைடின். கட்சியைச் சட்டபூர்வமாக ஏற்க வேண்டும், காட்டை விட்டு வருவோரைத் தடுத்து வைத்து விசாரிக்கக் கூடாது என்றார் சின் பெங். துங்குவோ, கட்சியைக் கலைத்துச் சரணடைய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். ஏழாண்டுகள் காட்டில் போரிட்டவர்களுக்குச் 'சரணடைதல்' என்ற சொல்லே தொண்டையில் சிக்கியது. சரணடைவோருக்கு அறிவிக்கப்பட்டிருந்த பொது மன்னிப்பை விளக்கலாமே தவிர, நிபந்தனைகளைப் பேரம் பேசக் கூடாது என்று பிரிட்டிஷார் துங்குவின் கையைக் கட்டியிருந்ததையும் மறக்கக் கூடாது.

கேள்வி: அப்படியானால் சின் பெங் எதையுமே விட்டுக்கொடுக்கவில்லையா?

பதில்: கொடுத்தார், அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பும் தற்காப்பும் துங்கு அரசின் கைக்கு வந்துவிட்டால் உடனே போரை நிறுத்தி ஆயுதங்களைக் கீழே வைப்போம் என்று வாக்களித்தார். அந்த வாக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1956 ஜனவரியில் துங்கு லண்டன் சென்று, விடுதலைக்கான உறுதியோடு திரும்பினார். ஆனால் பிப்ரவரி 8ஆம் நாள் பொது மன்னிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது; போர் தொடர்ந்தது. விடுதலையை விரைவுபடுத்தியதில் சின் பெங்குக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: அவரைக் காட்டிலிருந்து அழைத்து வந்தவர் ஓர் ஆங்கிலேயராமே?

பதில்: ஆம், ஜான் டேவிஸ். ஜப்பானியருக்கு எதிராக இருவரும் ஒரே காட்டில் தோளோடு தோள் நின்றவர்கள். அந்தப் போருக்காகச் சின் பெங்குக்கு விருது அளித்த பிரிட்டிஷ் அரசே பிறகு அதைப் பறித்துக்கொண்டது. பேச்சு முறிந்ததும், பழைய தோழரைக் காட்டின் விளிம்புவரை கொண்டுபோய் விட்டவரும் டேவிஸ்தான்.

கேள்வி: பிறகு சமாதானமே வரவில்லையா?

பதில்: 1989 டிசம்பர் 2ஆம் நாள் தாய்லாந்தின் ஹாட்யாயில் வந்தது, அந்த உடன்பாட்டில் 'சரணடைதல்' என்ற சொல்லே இல்லை. எனினும் மலேசியா திரும்பச் சின் பெங்குக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2013இல் பாங்காக்கில் இறந்தார். 2019இல்தான், சாம்பலாக, நாடு திரும்பினார்.