கேளுங்க, சொல்கிறோம்: கேம் யார் கம்ப்யூட்டருக்கு?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்கிறோம். அதில் அந்தியூர் குதிரைச் சந்தை மாதிரி ஒரு காட்சி, ஏகப்பட்ட குதிரை, மாடு, ஆட்கள். என் புது லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. பெருந்துறையில் மாமா பையனின் பழைய கம்ப்யூட்டரில் போட்டால் திக்கித் திக்கி நிற்கிறது. எந்தக் கம்ப்யூட்டருக்குச் செய்வது என்று பெரிய கம்பெனிகள் எப்படிங்க முடிவு செய்கின்றன?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி, நம்ம பக்கம் போர்வெல்லுக்கு மோட்டார் எடுக்கும்போது ஐப்பசி மழையில் தண்ணீர் மேலே நிற்பதைப் பார்த்தா எடுக்கிறோம்? சித்திரையில் எத்தனை அடிக்கு இறங்கும் என்று பார்த்துத்தானே எடுக்கிறோம். கேமுக்கும் அதே கணக்குதான், முதலில் முடிவாக வேண்டியது கடைசிப்படி மெஷின், அதாவது கேம் ஓடியே ஆக வேண்டிய கம்ப்யூட்டர்களில் ஆகத் திறன் குறைந்தது.

கேம் விற்கும் ஸ்டீம் தளம், விருப்பப்பட்டுச் சம்மதிப்பவர்களின் கம்ப்யூட்டர் விவரங்களைத் தொகுத்து மாதாமாதம் வெளியிடுகிறது, எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 என்ற கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரைகிற பாகம்) பல வருஷம் அதில் முதலிடத்தில் இருந்தது. புதுக் கார்டு கடைக்கு வந்த உடனே ஜனம் மாறிவிடுவதில்லை.

கன்சோலுக்கும், அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டிக்கும், சேர்த்துச் செய்கிறவர்களுக்கு எல்லைக்கோடு தானாகவே விழுந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் என்ற கன்சோலில் இரண்டு வகை: பெரிய சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி மெமரி, சின்ன சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிபிதான். இரண்டு பேர் திரையைப் பிரித்து ஆடும் வசதி அந்தச் சின்ன மெஷினில் சரிப்பட்டு வராததால், 2023 ஆகஸ்டில் கம்ப்யூட்டருக்கு வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது, அதுவும் எஸ்ஸில் அந்த வசதி இல்லாமலே.

அப்புறம் முக்கியமான விஷயம், எதைக் குறைக்க முடியும், எதை முடியாது என்பது. ரெசல்யூஷன் (படத்தில் எத்தனை புள்ளிகள் என்பது), நிழல், புல்லின் அடர்த்தி எல்லாவற்றையும் செட்டிங்கில் இறக்கிவிடலாம். ஆனால் சந்தையில் 200 உருப்படிகள் ஒன்றையொன்று முட்டாமல் வழி தேடி நடக்கிற கணக்கு, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் தலையில் விழுகிறது. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.6 மில்லிசெகண்ட், அதற்குள் அத்தனையும் முடிந்தாக வேண்டும்.

மாமா பையன் மெஷினில் ரெசல்யூஷனை 720-க்கு இறக்கிப் பாருங்கள். திக்கல் போய்விட்டால் குறை கிராபிக்ஸ் கார்டில், அது செட்டிங்கில் தீருகிற விஷயம். அப்படியும் அதே மாதிரி திக்கினால் பெரும்பாலும் பிராசஸர்தான், தூரத்தில் நிற்கும் மாடுகளுக்கு ஒவ்வொரு படத்துக்கும் வழி தேடாமல் அரை நொடிக்கு ஒரு தடவை தேடினால் போதும் என்று மாற்றுங்கள், தூரத்தில் இருப்பதால் ஆடுகிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கேம் முழுசாக முடிந்த பிறகு இதைச் செய்யலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், அப்போது பாதி கேமைப் பிரித்து மேய வேண்டி வரும். அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கொஞ்ச நாளைக்குக் கேட்டு வாங்கி உங்கள் மேசையிலேயே வையுங்கள், வாரம் ஒரு தடவையாவது அதில் ஓட்டிப் பாருங்கள்.