வண்டிக்குச் சரிவு, அம்மாவுக்குப் பூட்டு

கேள்வி: எனக்கு 38 வயது. கடலூரில் சொந்த வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்கு 61. சர்க்கரை நோயால் இரண்டு வருடத்துக்கு முன்பு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து சக்கர நாற்காலிதான். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரிக்கொல்லை இருந்தது. தானே புயலில் எல்லாம் சாய்ந்த பிறகு அம்மாதான் திரும்பவும் கன்று வைத்து உண்டாக்கினார். இப்போது வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பின்வாசலில் இரண்டு படி இருக்கிறது. நாங்கள் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியை விட்டு இறங்கி, உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு படி இறங்கிப் போய்விடுகிறார். போன மாதம் முழங்கையில் நல்ல சிராய்ப்பு. பயந்துபோய்ப் பின்கதவைப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கட்டிலுக்கடியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பல் கலந்து விதை வைத்துக்கொண்டு அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். ஹாலில் ஒரு மணி பிளான்ட் வைத்துக் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் இடமில்லை. வண்டி திருட்டுக்குப் பயந்து வாசலில் சரிவு போட்டு ராத்திரியில் பைக்கை உள்ளேதான் ஏற்றுகிறோம். அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்:

தம்பி, அம்மாவின் பிடிவாதத்தைப் பற்றிப் பாதிக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பைக்கைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

திருட்டுப் பயம் வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டீர்கள். சிமென்ட், மணல் வந்தது. ஒரே நாளில் வாசல் படி சரிவாகிவிட்டது. யாரிடமும் ஆலோசனை கேட்டிருக்க மாட்டீர்கள், எந்தப் பத்திரிகைக்கும் எழுதியிருக்க மாட்டீர்கள். வண்டி உள்ளே வரவேண்டும், அவ்வளவுதான். அம்மா இரண்டு வருடமாகச் சக்கரத்தில் இருக்கிறார். பின்வாசலில் அதே இரண்டு படி. அவர் உடம்பைத் தேய்த்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்த பிறகும் உங்களுக்குக் கொத்தனார் நினைவுக்கு வரவில்லை, பூட்டுதான் வந்தது. புரிய வைக்க வேண்டியது யாருக்கு?

இது மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. பக்கவாதம் வந்த அப்பா, போலியோ கால் அக்கா, பார்வை போன பாட்டி என்று ஆள்தான் மாறுகிறார்கள். கேள்வி ஒன்றேதான்: "எங்களுக்குப் பயமாக இருக்கிறது, இவரை எப்படி உட்கார வைப்பது?" அவர் எப்படிப் போய்வருவது என்று கேட்டு வரும் கடிதம் அபூர்வம். பெற்றவளுக்குச் சோறும் மாத்திரையும் வேளைக்குக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிற வீடுகளை எனக்குப் பிடிக்காது. அதை ஆஸ்பத்திரியிலும் கொடுப்பார்கள். வீடு என்றால் அவர் இஷ்டத்துக்கு ஒரு கதவு திறந்து வெளியே போக முடியவேண்டும்.

2011 டிசம்பர் 30-ம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், அப்போது வளர்ந்த பிள்ளைதானே. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையேறிய அன்றைக்கு ஒரே காலையில் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துக் கிடந்ததை நானும் பார்த்தேன். முந்திரி ஒட்டுக்கன்று வைத்தால்கூடக் காய்ப்புக்கு வர மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருடத்தைப் பொறுத்துக் கன்று வைத்த மனுஷிக்கு ஹாலில் பைக்குக்குப் பக்கத்தில் ஒரு மணி பிளான்ட்டா? அதில் எதைப் பறித்து யாருக்குக் கொடுப்பார்?

கொடுப்பது என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டேன். சக்கர நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து உங்கள் அம்மா நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பவராகிவிட்டார். தண்ணீர் கேட்கவேண்டும், ஃபேன் போடச் சொல்லவேண்டும், குளியலறைக்குப் போக யாரையாவது கூப்பிடவேண்டும். பின்னால் நாலு செடி இருந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் நிலைமை மாறும். "அம்மா, ரெண்டு கொத்து கறிவேப்பிலை" என்று பக்கத்து வீட்டில் வந்து நிற்பார்கள். சாயங்காலக் குழம்புக்கு என்ன காய் என்று உங்கள் மனைவி அவரிடம் கேட்பார். கத்தரியில் முதல் ஊதாப்பூ விட்டதைச் சொல்ல, பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருப்பார். சிராய்ப்போடு சிராய்ப்பாக அவர் இறங்கிப் போனது இதற்காகத்தான்.

என் பெரியம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் பார்வை போயிற்று. அரியாங்குப்பத்தில் வீடு. கீரைப் பாத்தியில் கை வைத்துத் தடவித் தடவிக் களை எடுப்பார். கோரைத் தண்டு முப்பட்டையாக இருக்கும், விரலில் உருட்டினால் உருளாது. அதை வைத்தே கண்டுபிடித்துப் பிடுங்கிவிடுவார். மரிக்கொழுந்தையும் ஓமவல்லியையும் நடைபாதை ஓரத்தில் வைத்திருந்தார், சேலை உரசியதும் வாசனையைக் கொண்டு எந்த மூலையில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கதவு திறந்திருந்தது, அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டிக்குப் போட்ட மாதிரி சரிவு அம்மாவுக்கு உதவாது. அது இரண்டு மூன்று அடியில் விறுவிறுவென்று ஏறிவிடும், எஞ்சின் இருக்கிறது, ஏறும். கையால் உருட்டுகிற நாற்காலிக்கு ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். உங்கள் படி ஒவ்வொன்றும் 7 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 14 அங்குலம், ஆக 14 அடி நீளம். நேராகப் போட இடமில்லையென்றால் சுவரோரமாக ஒரு திருப்பம் வைத்துப் போடலாம். அகலம் 3 அடிக்குக் குறையக்கூடாது. மேலேயும் கீழேயும் திருப்பத்திலும் நாற்காலி சுற்றித் திரும்ப 5 அடிக்கு 5 அடி சமதளம் வேண்டும். டைல்ஸ் ஒட்டாதீர்கள், மழையில் வழுக்கிக் கொன்றுவிடும். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஓரத்திலும் சக்கரம் விழாமல் ஒரு சின்னக் கட்டு, பிடித்துக்கொள்ளக் குழாய்க் கைப்பிடி. நிலைப்படிக் கட்டை உயர்ந்திருந்தால் தச்சரை விட்டு இரண்டு பக்கமும் சரிவாகச் செதுக்கச் சொல்லுங்கள். நிலைப்படியில் சக்கரம் ஏறலாமா, லட்சுமி நிற்கிற இடமாயிற்றே என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால், முன்வாசல் நிலைப்படியில் தினம் ராத்திரி எது ஏறுகிறது என்று கேளுங்கள்.

தரையில் பாத்தி கட்டவேண்டாம். கிணற்று உறை வார்க்கிற இடத்தில் 3 அடி விட்டத்தில், ஒரு அடி உயர உறையாகப் பார்த்து வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இரண்டாக வையுங்கள். 2 அடி உயரம் வரும். நாற்காலியைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தினால் நடுப்பகுதி வரை கை எட்டும். கீழ் உறையில் தேங்காய் மட்டையும் சருகும் போட்டு நிரப்புங்கள், மேலே செம்மண், மக்கிய எரு, தென்னைநார்க் கழிவு. நார்க் கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் அலசிவிட்டுப் போடுங்கள். உறைக்கடியில் தண்ணீர் வடிய வழி இருக்கவேண்டும். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் அடிக்கிற மழைக்குத் தரைச்செடி வேர் அழுகிப் போகும். உயரத்தில் இருக்கிற செடி பிழைக்கும். அம்மாவுக்காகச் செய்கிற உயரம் செடிக்கும் நல்லதாகிறது. உறைக்கும் உறைக்கும் நடுவே 4 அடி விட்டால்தான் நாற்காலி தாராளமாகப் போகும், அந்தப் பாதையை மட்டும் கெட்டிப்படுத்துங்கள். மணலில் சக்கரம் புதையும்.

பாகலும் புடலையும் போட அவர் ஆசைப்பட்டால் பந்தலை 5 அடிக்கு மேல் கட்டாதீர்கள். ஆறடிப் பந்தல் நிற்கிற ஆளுக்கு. காய் தொங்குவது உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டவேண்டும். தண்ணீருக்குக் குழாய் அவர் இடுப்பு உயரத்தில், திருகாமல் தட்டித் திறக்கிற மாதிரி. பத்து லிட்டர் பூவாளியை மடியில் வைத்தால் பத்து கிலோவுக்கு மேல் கனம், தொடையை அழுத்தும். ரப்பர் குழாயோ சின்னச் செம்போ போதும். களைக்கொத்திப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுங்கள். நழுவாது, கையும் காய்க்காது. தரையில் விதை போட ஆசைப்பட்டால் ஒரு பிவிசி குழாயை மண்ணில் ஊன்றி மேலிருந்து விதையைப் போடலாம், குனியவே வேண்டாம்.

உங்கள் பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பயப்படுங்கள், ஆனால் சரியான இடத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். முழங்கைச் சிராய்ப்பு தெரிகிற புண், ஆறிவிடும். ஒரு காலைச் சர்க்கரைக்குக் கொடுத்தவருக்கு இருக்கிற இன்னொரு காலில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். முள் குத்தினால் தெரியாது, சூடான சிமென்ட் சுட்டாலும் தெரியாது. அந்தக் காலுக்கு எம்.சி.ஆர் செருப்பு, அதாவது சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, இல்லாமல் அவர் வெளியே வரக்கூடாது, ஒரு நிமிஷத்துக்குக்கூட. சாயங்காலம் மண் போகக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் ஒற்றி, பாதத்தின் அடியையும் துண்டித்த முனையையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு எது இருந்தாலும் மறுநாள் டாக்டர். அந்தக் காலைப் பார்க்கிறவர் நீங்களாக இருக்கவேண்டும். மனைவியிடம் தள்ளிவிடாதீர்கள். உங்களைப் பெற்றவர் கால், உங்கள் கையில் இருக்கட்டும். ஐந்து நிமிஷ வேலை. உங்கள் கடிதத்தில் அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதையும் கவனித்தேன்.

வெறும் வயிற்றில் வேலை செய்ய விடாதீர்கள். இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் மண்ணைக் கிளறினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஒரு டப்பாவில் சர்க்கரையும் ஒரு பாட்டில் தண்ணீரும் நாற்காலிப் பையிலேயே இருக்கட்டும். சித்திரை வைகாசி வெயிலில் காலை ஒன்பதுக்குள், அல்லது நாலுக்குப் பிறகு. டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று டாக்டரிடம் கேளுங்கள், மண்ணில் கை வைக்கிறவருக்குத் தேவை.

இரண்டு வருடமாக நாற்காலிதான் என்கிறீர்கள். செயற்கைக்கால் அளவெடுக்க யாராவது கூட்டிப்போனீர்களா? முழங்கால் மிஞ்சியிருப்பது பெரிய பாக்கியம், அதற்குக் கீழே கால் வைத்து நடந்தவர்கள் ஏராளம். 1968-ல் வந்த ஜெய்ப்பூர் கால் நம்மைப் போல வெறுங்காலோடு நடந்து, தரையில் குந்தி, வயலில் இறங்குகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. அம்மாவின் உடம்புக்கும் தோலுக்கும் அது ஒத்துவருமா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். அதைக் கேட்கக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள். அவர் காலைப் பற்றி அவர் இல்லாமல் பேசாதீர்கள்.

என்ன செடி வைக்கலாம் என்று நான் பட்டியல் தரப்போவதில்லை. முந்திரிக்கொல்லை உண்டாக்கியவருக்கு நான் யார் சொல்ல? பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாலூர்க் கத்தரி என்றால் அவருக்கே தெரிந்திருக்கும். ஒரு நாள் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போங்கள். அவர் பேசட்டும், நீங்கள் பை தூக்குங்கள்.

சக்கரத்தோடு சேறு வீட்டுக்குள் வரும் என்று உங்கள் மனைவி முகம் சுளிக்கக்கூடும். நியாயம்தான், துடைக்கிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும். சரிவு முடிகிற இடத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து, துடைக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரி பூட்டைக் கழற்றுங்கள், சாவியை அம்மா கையில் கொடுங்கள். சரிவு முடிகிற வரைக்கும் யாராவது வீட்டில் இருக்கும்போது நாற்காலியோடு தூக்கி இறக்கிவிடுங்கள், தேய்த்துக்கொண்டு இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொள்ளுங்கள், உத்தரவு போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய கொத்தனாரையே வரச்சொல்லி, சரிவு எந்தப் பக்கம் இறங்கவேண்டும், உறை எங்கே நிற்கவேண்டும் என்று அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். வெயில் எங்கே விழுகிறது என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். சிமென்ட் பூசியதும் ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வைகாசி. ஆடிப்பட்டத்துக்கு இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. விதை எடுத்து வைத்துவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.