தம்பி வீடு திரும்பிய பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு 23 வயது. சாக முயன்றதால் மருத்துவமனையில் சேர்த்தோம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை முடிந்து போன வாரம் வீட்டுக்கு வந்தான். இப்படிச் சேர்க்கப்படுகிறவர்களில் 15 சதவீதம் பேர் என்றைக்காவது தற்கொலையில்தான் இறப்பார்கள் என்று படித்தேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. உண்மையா? எத்தனை நாள் காவல் இருப்பது?

ஓர் அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

15 என்பது 1970இல் கூஸ், ராபின்ஸ் என்ற இருவர் சொன்ன கணக்கு. பழைய ஆய்வுகளில் இறந்துபோனவர்களை எடுத்து, அவர்களில் எத்தனை பேர் தற்கொலை என்று பார்த்தார்கள். இடறுவது இங்கேதான். 100 நோயாளிகளில் ஐந்தாண்டுக்குள் 10 பேர் இறந்தார்கள், அதில் இரண்டு தற்கொலை என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர்களில் 20 சதவீதம்! ஆனால் 90 பேர் உயிரோடு இருக்கிறார்களே. தற்கொலைகள் முதல் ஆண்டுகளில் அதிகம். மற்ற சாவுகள் பின்னால் மெதுவாக வரும். சீக்கிரம் எண்ணினால் விகிதம் வீங்கித்தான் தெரியும்.

2000இல் பாஸ்ட்விக், பங்க்ராட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைத் திருத்திக் கணக்கிட்டார்கள். தற்கொலை எண்ணத்துக்காகவோ முயற்சிக்காகவோ சேர்க்கப்பட்டவர்களுக்கு வாழ்நாள் அபாயம் 8.6 சதவீதம், மனச்சோர்வு போன்ற நோய்களுக்காகப் பொதுவாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு 4. இது சின்ன எண் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் தம்பியைப் போன்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அப்படி இறப்பதில்லை.

அபாயம் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. மனநல வார்டிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, முதல் மூன்று மாதத் தற்கொலை விகிதம் மொத்தக் கால விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அதிலும் முதல் வாரம் கடினமானது. வார்டில் ஆள் இருந்தார்கள்; வீட்டில் பழைய கடனும் பழைய சண்டையும் அப்படியே காத்திருக்கும். அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளக் கூடாது.

மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள், உங்களிடம் இருக்கட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மருந்துகளை அப்புறப்படுத்துங்கள். முன்பு எதை நாடினானோ அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. 25 வயதுக்குக் கீழே மனச்சோர்வு மருந்தின் ஆரம்ப வாரங்களில் சிலருக்குச் சாகும் எண்ணம் கூடலாம். இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருந்தாலோ, சுள்ளென்று எரிந்து விழுந்தாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். நன்றாகிவிட்டான் என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

"இனி இப்படிச் செய்ய மாட்டேன்" என்று சத்தியம் வாங்கியிருப்பீர்கள். எல்லா வீட்டிலும் வாங்குகிறார்கள். அதனால் தற்கொலை குறைந்ததாகச் சான்று இல்லை. மறுபடி எண்ணம் வந்தால் அவன் மறைப்பதற்குத்தான் உதவும். அதற்குப் பதில் ஒரு தாளில் அவனே, அவன் சொற்களில் எழுதட்டும்: எண்ணம் வருமுன் தெரியும் அறிகுறி, தனியாகச் செய்யக்கூடியது, போய் உட்காரக்கூடிய இடம், கூப்பிடக்கூடிய இருவர், மருத்துவர் எண்ணும் அவசர உதவி எண்ணும், வீட்டில் அகற்ற வேண்டியவை. "மனசு சரியில்லை" என்பது அறிகுறி ஆகாது. "மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, போனை அணைத்துவிடுகிறேன்" என்பதுதான் அறிகுறி.

கேட்கும்போதும் நேராகக் கேளுங்கள். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "செத்துடலாம்னு தோணுதாடா?" என்று கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. "ஆமாம், எப்படின்னும் யோசிச்சுட்டேன்" என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

காவல் எத்தனை நாள் என்று கேட்டீர்கள். இந்த நெருக்கம் மூன்று மாதம்; பிறகு படிப்படியாகத் தளர்த்தலாம். ஓராண்டுக்குப் பிறகு நாள்தோறும் பார்க்க வேண்டியதில்லை. நோய் திரும்பும்போதும் மருந்து நிற்கும்போதும் மட்டும் மறுபடி முதல் வாரம் போல. இடைப்பட்ட காலத்துக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மோட்டோ என்ற மனநல மருத்துவர், வார்டிலிருந்து போனபின் சிகிச்சையைத் தொடராத 843 பேரில் ஒரு பகுதியினருக்கு ஐந்தாண்டில் 24 சிறு கடிதங்கள் அனுப்ப ஏற்பாடு செய்தார். நலமா என்ற அளவில்தான், பதில்கூடக் கேட்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. "மாத்திரை போட்டியா?" என்ற செய்தியோடு, மாத்திரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத செய்தி ஒன்றையும் அவ்வப்போது அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்