விடுதி மாணவிகளிடம் ரத்தசோகை பற்றி ஆய்வு: கேள்வித்தாளை எப்படி அமைப்பது?

விடுதி மாணவிகளுக்கு ரத்தசோகை பற்றி என்ன தெரியும், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வு செய்யக் கேள்வித்தாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மிகத் தேவையான ஆய்வு இது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். 'கீரையில் இரும்புச்சத்து உண்டா?' என்றால் எல்லோரும் 'ஆம்' என்றுதான் டிக் அடிப்பார்கள். அதற்குப் பதிலாக, 'சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது கூடுமா, குறையுமா?' என்று கேட்கலாம். குறையும் என்பதுதான் சரி. 'தெரியாது' என்ற கட்டமும் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் குத்துமதிப்பாக ஒன்றை அடித்துவிடுவார்கள்.

பழக்கத்தைப் பற்றி, 'தினமும் காலையில் சாப்பிடுவீர்களா?' என்று கேட்காதீர்கள். 'நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?' என்று உட்கார்ந்து பேசுங்கள். எட்டரை மணி வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் டீ என்ற உண்மை அப்போதுதான் வெளியே வரும். திங்கட்கிழமை மட்டும் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான் பதிவாகும், அதனால் வேறு வேறு நாள்களில் கேளுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் மாணவிகளின் சம்மதத்தையும் முன்பே வாங்கிவிடுங்கள். பெயருக்குப் பதில் ஓர் எண் போதும். விடுதிக் காப்பாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அப்புறம், முடிந்தால் ஹீமோகுளோபினும் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படி வந்தால் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லி, மருத்துவரைப் பார்க்க அனுப்புங்கள்.